டெக்சாஸ், ஒக்லஹோமா சமவெளி வறட்சி: 2015 ஜூன் புதுப்பிப்பு

அமெரிக்காவின் இவ்விரு மாநிலங்களில் 2010-இன் இறுதியில் தொடங்கிய வறட்சியைப் பற்றியும், கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீரில் சேர்க்கும் நிலைக்கு டெக்சாஸின் விச்சிட்டா ஃபால்ஸ் நகரம் 2014-இல் தள்ளப்பட்டதைப் பற்றியும் முன்பு எழுதியிருந்தேன். 2015 ஜூனில் நிலைமை பெரிதும் மாறியிருந்தது. இரு மாநிலங்களின் மழைப் பதிவுகளிலும் அதுவரை காணாத அளவுக்கு 2015 மே மாதம் பெய்த மழையால், அந்நகருக்கு நீர் தரும் ஏரோஹெட், கிக்கபூ ஏரிகள் நிரம்பிவிட்டன. இரு மாநில எல்லையிலுள்ள டெக்சோமா ஏரி கலிங்கைத் தாண்டி வழிந்தது.

ஆனால் இதே மழைதான் வெள்ளமாகிப் பல உயிர்களைப் பறித்தது என்பதை மறக்க இயலவில்லை. முற்றிய கோதுமை ஈரத்தில் நின்றதால் அறுவடையும் தாமதமானது. வறட்சியில் தீவனமின்றி மாடுகளை விற்றவர்களின் மேய்ச்சல் நிலங்கள் பசுமையாகிவிட்டன என்றாலும், மந்தைகளை மீண்டும் பெருக்கப் பல ஆண்டுகள் ஆகும் என்ற நிலையே இருந்தது. பாசனத்துக்காகப் பல பத்தாண்டுகளாக உறிஞ்சப்பட்ட, இச்சமவெளிக்கு அடியிலுள்ள ஓகல்லாலா நிலத்தடி நீர்த்தேக்கமோ, ஒரு பருவ மழையில் மீளக்கூடியதன்று.