மறு: இட்டாலிக்: 'சாய்வெழுத்து' போதுமா? 'ஒயிலெழுத்து' என் பரிந்துரை

வணக்கம்ங்க.

ஆங்கில எழுத்துருக்களில் ஒரு பக்கம் சாய்ந்து ஓடும் 'இட்டாலிக்' வகைக்குச் சாய்வெழுத்து என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதிதாக எதற்கு என்று இங்கே ஐயா ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் நேரெழுத்தைக் கணினி ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டாலும் சாய்வுதான், அதற்கு 'ஒப்ளிக்' என்று தனிப்பெயரே இருக்கிறது. இட்டாலிக் அப்படியல்ல, பேனா ஓட்டத்திலிருந்து பிறந்த வேறு வடிவம். சின்ன 'ஏ' (a) இரண்டடுக்கை விட்டு ஓரடுக்காகும், 'எஃப்' (f) பெரும்பாலும் கோட்டுக்குக் கீழே வால் இறக்கும், நேரெழுத்தின் காலடியில் தட்டையாக நிற்கும் செரிஃப் (கோட்டு முனையில் வரும் சிறு குறுக்குக்கோடு) இங்கே கொக்கிபோல வளைந்து அடுத்த எழுத்தை எட்டிப் பார்க்கும். 1501ல் வெனிசில் ஆல்டஸ் மனூசியஸ் என்ற அச்சகர், ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய அச்செழுத்தில் ரோமக் கவிஞர் வர்ஜிலின் கவிதைகளை அச்சிட்டார். முழுக்க இட்டாலிக்கில் வந்த முதல் புத்தகம் அது. அதில் சின்ன எழுத்துகள்தான் சாய்ந்தன, பெரிய எழுத்துகள் நேராகவே நின்றன! அப்புறம் எப்படிச் சாய்வை மட்டும் வைத்துப் பெயரிடுவது?

ஒயிலெழுத்து என்று சொல்லலாம். நம்ம பக்கம் நோம்பிக்கு ஒயிலாட்டம் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். வரிசையில் நிற்பவர்கள் உடம்பை ஒசித்துக் கைத்துணியை வீசும்போது அது காற்றில் போகிற வழி இருக்கிறதே, பகட்டான ஒயிலெழுத்தில் முதலெழுத்திலிருந்து நீளும் சுழிப்பு அதேதான். 'ஸ்வாஷ்' என்கிற அதற்கு 'வீச்சு' என்றே வைத்துவிடலாம்.

இந்தப் பகட்டு வகையை எங்கே போடுவது என்று தங்கை ஒருவர் கேட்டிருந்தார். திருப்பூரில் பனியன் லேபிள் வடிவமைப்பவன் என்பதால் பட்டதைச் சொல்கிறேன். கனத்த கோட்டுக்குப் பக்கத்திலேயே மயிரிழைக் கோடு, அதுதான் இதன் அழகு, ஆபத்தும் அதுதான். ஒரு முறை கழுத்து லேபிளில் துணியின் அளவு, துவைக்கும் முறை எல்லாவற்றையும் இதிலேயே போட்டுவிட்டேன், திரையில் அவ்வளவு நன்றாக இருந்தது. ஸ்கிரீன் பிரிண்டில் மெல்லிய கோடுகள் வலைக்கண்ணிலேயே நின்றுவிட்டன, பாதி எழுத்து துண்டு துண்டாக வந்தது, மொத்தத்தையும் திரும்ப அடித்தோம். ஆகவே பெரிதாகப் போடுங்கள்: பத்திரிகைத் தலைப்பு, கடைப்பெயர், கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயர். மண்டப முகவரிக்கு வேண்டாம். வீச்சுள்ள பெரிய எழுத்துகளை மட்டுமே அடுக்கி ஒரு சொல்லை எழுதவும் வேண்டாம், ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்.

மென்பொருள் பொத்தானில் 'சாய்வு' இருப்பதை மாற்றச் சொல்லவில்லை. ஒயில் வடிவம் இல்லாத எழுத்துருவை அந்தப் பொத்தான் சும்மா சாய்க்கத்தானே செய்கிறது, தமிழ் எழுத்துகளுக்குப் பெரும்பாலும் நடப்பதும் அதுதான்.

கடைசியாக, செரிஃபுக்கு இங்கே பரிந்துரையாக வந்த 'அடிக்கட்டை' எனக்குச் சரியாகப் படவில்லை, அது தலைப்பக்கமும் வருகிறதே. உலக்கை முனையில் போடுவோமே, பூண், அது எப்படி? செரிஃப் பூணெழுத்து, சான்ஸ் செரிஃப் பூணிலி, நாம் பேசிக்கொண்டிருக்கும் வகை பூண் ஒயில். மறுப்பு இருந்தால் எழுதுங்க.