வித்த காசு எங்க போச்சு? விண்டோ மூடின பிறகு சில கேள்விகள்

கார்னர்_கொடி (கேள்வி)

ஃபுட்பால் டிரான்ஸ்ஃபர் விண்டோ (கிளப்புகள் ஆள் வாங்கி விக்கிற காலம்) மூடியாச்சு. நம்ம அணியில இருக்கிற ரெண்டு ஓட்டை மே மாசமே ஊருக்கெல்லாம் தெரியும். ஒரு டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் வேணும், பாக்ஸுக்குள்ள நிக்கிற ஒரு ஸ்ட்ரைக்கர் வேணும். ரெண்டுமே வரல. வந்தது 19 வயசு விங்கர் ஒருத்தன், லோன்ல (இன்னொரு கிளப்ல இருந்து இரவலா) ஒரு பேக்கப் கோல்கீப்பர், கடைசி நாள் ராத்திரி யாருமே கேக்காத ஒரு சென்டர் பேக். அகாடமியில வளர்ந்த பையனை மட்டும் 40 மில்லியன் பவுண்டுக்கு சத்தமில்லாம வித்தாச்சு. "சரியான ஆள், சரியான விலை கிடைக்கல"ன்னு ஒரு அறிக்கை, அவ்வளவுதான்.

எந்த கிளப்னு வேணும்னே சொல்லல. சொன்னா அடுத்த பத்து பதிலும் சண்டையாத்தான் இருக்கும். பிரீமியர் லீக் கிளப், ஐரோப்பாவிலயும் ஆடுது, அது போதும்.

மூணு விஷயம் புரியணும். அந்த 40 மில்லியன் ஏன் ஆள் வாங்கப் போகல? பெஞ்சுல உக்காந்து சம்பளம் வாங்குறவங்களை ஏன் விக்க முடியல? கடைசி நாள் "பேப்பர் வேலை முடியல"ன்னு சொன்னா உண்மையில எது முடியல? "ஓனர் கஞ்சன்"ங்கிற பதில் எனக்கே தெரியும், வேற ஏதாவது இருந்தா சொல்லுங்க.

கணக்குப்பிள்ளை

முதல் கேள்விக்கு மட்டும் வர்றேன். வாங்குறதும் விக்கிறதும் புத்தகத்துல ஒரே மாதிரி ஏறாது, குழப்பமே அங்கதான்.

ஒருத்தரை 60 மில்லியனுக்கு 5 வருஷ ஒப்பந்தத்துல வாங்கினா, வருஷத்துக்கு 12 மில்லியன்தான் செலவா எழுதுவாங்க. வாரச் சம்பளம் 1.5 லட்சம் பவுண்டுன்னா வருஷத்துக்கு 7.8 மில்லியன். ஏஜென்ட் கமிஷனையும் அதே மாதிரி பிரிச்சுப் போடுவாங்க. ஆக, ஒரு ஆளுக்கு வருஷம் சுமார் 20 மில்லியன். விக்கிறப்போ கதை வேற. அகாடமிப் பையனுக்கு வாங்கின விலையே கிடையாது, அதனால 40 மில்லியனும் இந்த ஒரே வருஷத்து லாபமா ஏறிடும். கிளப்புகள் சொந்தப் பையன்களை முதல்ல விக்கிறதுக்குக் காரணம் இதுதான். மனசு வலிச்சாலும் கணக்கு அப்படி.

இந்தக் கணக்குப்படி அந்த 40ஐ வச்சு, 60 மில்லியன் ஆள் ரெண்டு பேரோட முதல் வருஷச் செலவைச் சமாளிச்சிடலாம். ரசிகர்கள் கேக்குறது இதைத்தான், கேள்வி நியாயமும்கூட. ஆனா ரெண்டாவது வருஷம் அந்த 40 திரும்ப வராது. ரெண்டு பேருக்கான 40 மில்லியன் செலவு மட்டும் அப்படியே நிக்கும். வருஷாவருஷம் ஒரு பையனை விக்கிற கிளப்தான் தைரியமா அதைச் செய்யும்.

முந்தி இதைச் சமாளிக்க ஒரு வழி இருந்துச்சு, ஒப்பந்தத்தை இழுக்கிறது. என்சோ ஃபெர்னாண்டஸ் 2023 ஜனவரியில எட்டரை வருஷ ஒப்பந்தத்துல செல்சீக்கு வந்தார். விலை 100 மில்லியனைத் தாண்டினாலும் வருஷக் கணக்குல சின்னதாத் தெரிஞ்சுது. அப்புறம் முதல்ல யூஃபா (ஐரோப்பிய ஃபுட்பால் சங்கம்), 2023 டிசம்பர்ல பிரீமியர் லீக், ரெண்டுமே 5 வருஷத்துக்கு மேல பிரிக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க.

2025-26 வரை பிஎஸ்ஆர் (கிளப் எவ்வளவு நஷ்டம் காட்டலாம்ங்கிற பிரீமியர் லீக் விதி) வரம்பு மூணு வருஷத்துக்குச் சேர்த்து 105 மில்லியன் நஷ்டம். மீறினா என்ன ஆகும்னு 2023-24 சீசன் காட்டிடுச்சு. எவர்டனுக்கு முதல்ல 10 புள்ளி வெட்டி, அப்பீல்ல 6 ஆக்கி, பிறகு இன்னொரு வழக்குல 2 வெட்டினாங்க. நாட்டிங்கம் ஃபாரஸ்ட்டுக்கு 4. ஃபாரஸ்ட் கதையைக் கவனிங்க: அவங்க விங்கர் பிரென்னன் ஜான்சனை ஜூன் 30க்குள்ள வித்திருந்தா அந்த வருஷக் கணக்குல ஏறியிருக்கும். நல்ல விலைக்காகக் காத்திருந்து செப்டம்பர் 1 அன்னிக்கு 47.5 மில்லியனுக்கு வித்தாங்க. கூடுதல் காசு வந்துச்சு, ஆனா கணக்கு வருஷம் முடிஞ்சு போச்சு. "நல்ல விலைக்குத்தானே காத்திருந்தோம்"னு சொன்னதை விசாரிச்ச ஆணையம் ஏத்துக்கல. 2026-27ல இருந்து இந்த பிஎஸ்ஆர் போய், அணிச் செலவு வருமானத்துல 85 சதவீதத்துக்குள்ள இருக்கணும்ங்கிற முறை வருது.

நீங்க ஐரோப்பாவிலயும் ஆடுறதால இறுக்கம் இன்னும் அதிகம். யூஃபா வரம்பு 70 சதவீதம். 2025 ஜூலையில செல்சீக்கும் ஆஸ்டன் வில்லாவுக்கும் அபராதத்தோட ஒரு பூட்டும் சேர்த்துப் போட்டாங்க: டிரான்ஸ்ஃபர் கணக்கு சாதகமா இல்லைன்னா, புது ஆளை ஐரோப்பியப் பட்டியல்ல சேர்க்க முடியாது.

கடைசியா, காசு. 40 மில்லியன்னு தலைப்புச் செய்தி வந்தாலும் அது பெரும்பாலும் மூணு நாலு தவணையாத்தான் வரும். வெளிநாட்டு கிளப்புக்கு வித்திருந்தா, பையனை 12ல இருந்து 23 வயசு வரை வளர்த்த கிளப்புகளுக்குன்னு 5 சதவீதம் பிடிப்பாங்க. முழுக்க உங்க அகாடமிதான்னா அது உங்களுக்கே திரும்பும்.

பெஞ்ச்_சூடு

ரெண்டாவது கேள்விதான் முக்கியமானது. வாங்காதது கண்ணுக்குத் தெரியுது, விக்காதது தெரியல. பாதி கிளப்புல விண்டோ கெடுறது அங்கதான்.

வழக்கமா சொல்ற சாக்கு, "புத்தக மதிப்புக்குக் கீழ விக்க முடியாது." வாங்கின விலையில இன்னும் செலவா எழுதாத மிச்சம்தான் புத்தக மதிப்பு. போட்டுப் பாருங்க. 40 மில்லியனுக்கு 5 வருஷ ஒப்பந்தத்துல வாங்கின ஆள், ரெண்டு வருஷம் முடிஞ்சாச்சு. மிச்ச மதிப்பு 24. இன்னிக்கு 20க்கு வித்தா 4 மில்லியன் நஷ்டம். விக்காம வச்சிருந்தா இந்த வருஷம் 8 மில்லியன் தேய்மானம், வாரம் ஒரு லட்சம் சம்பளம்னா இன்னொரு 5.2. ஆக 13.2 மில்லியன் செலவு, ஆடுறது கப் மேட்ச்ல 20 நிமிஷம். 4 நஷ்டத்துக்குப் பயந்து 13ஐ விடுறது கணக்கு இல்ல, கௌரவம். வாங்கினவரே இன்னும் பதவியில இருந்தா விக்க மாட்டார், வித்தா அவர் எடுத்த முடிவு தப்புன்னு ஆயிடுமே. அந்த சாக்கு செல்லுபடி ஆகுறது ஜூன் கடைசி வாரம் மட்டும்தான், முடியப்போற கணக்கு வருஷத்துல அந்த 4 மில்லியன் உக்காந்துடும்னா.

நிஜமான தடை சம்பளம். அதே ஆளுக்கு மூணு வருஷம் மிச்சம், அதாவது 15.6 மில்லியன் பவுண்டு கையெழுத்துப் போட்ட பணம். கேக்குற கிளப் வாரம் 60 ஆயிரம்தான் தரும். வித்தியாசம் வாரம் 40 ஆயிரம், மூணு வருஷத்துக்கு 6.24 மில்லியன். இதை யார் தர்றது? ஆட்டக்காரர் ஏன் விடணும்? ரசிகர்கள் அவரைத் திட்டுறது எனக்குப் பிடிக்கல, ஒப்பந்தத்தைக் கொடுத்தது கிளப்தான். விக்கிற கிளப் அந்த 6ல பாதியையாவது மொத்தமாக் கொடுத்து அனுப்பலாம், இல்லைன்னா சம்பளத்துல ஒரு பங்கைச் சுமந்து லோன்ல அனுப்பலாம்.

லோனுக்கும் கை கட்டியிருக்கு. 2024 ஜூலையில இருந்து ஒரு கிளப் வெளிநாட்டுக்கு 6 பேரைத்தான் அனுப்பலாம், 6 பேரைத்தான் எடுக்கலாம். 21 வயசு வரை உள்ள சொந்த அகாடமிப் பையன்களுக்கு அந்த வரம்பு இல்ல. பிரீமியர் லீக் கிளப்புகள்கிட்ட இருந்து ஒரே நேரத்துல ரெண்டு பேரைத்தான் லோன்ல வச்சிருக்கலாம். உங்க பேக்கப் கோல்கீப்பர் அப்படி வந்தவர்னா, ஒரு இடம் அவருக்கே போச்சு. எனக்கு அது சுத்த வீண்.

இதோட லீக்ல ஆடுறதுக்குக் கிளப் பதிவு பண்ற 25 பேர் பட்டியல். ஹோம்க்ரோன் (உள்நாட்டு கிளப்ல வளர்ந்தவங்க) இல்லாதவங்க 17 பேருக்கு மேல கூடாது. அந்த 17 நிறைஞ்சிருந்தா, ஒருத்தர் வெளிய போகாம வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் வந்தும் பிரயோஜனம் இல்ல. 21க்குக் கீழ இருக்கிறவங்களுக்குப் பட்டியலே வேண்டாம். ஏன் 19 வயசு விங்கர் வந்தான்னு இப்ப புரியுதா?

நல்லா நடக்கிற கிளப் ஜூன்லயே போக வேண்டியவங்களுக்கு ஒரு விலை சொல்லி, ஜூலை நடுவுக்குள்ள முடிச்சிடும். "ஆகஸ்ட்ல விலை ஏறும்"னு உக்காந்திருந்தா ஏறாது. தனியா பயிற்சி பண்ணச் சொல்லி போட்டோ வெளிய வந்த அன்னிக்கே வாங்குறவன் விலையைக் குறைச்சிடுவான்.

கடைசி_விசில்

மூணாவதுக்கு நான். "பேப்பர் வேலை"ங்கிறது கையெழுத்து மட்டும் இல்ல. வரிசையாச் சொன்னா: ரெண்டு கிளப்பும் விலை, தவணைத் தேதி, போனஸ், மறுவிற்பனைப் பங்கு எல்லாத்தையும் ஒத்துக்கணும். ஆட்டக்காரரோட ஒப்பந்தம், ஏஜென்ட் பங்கு. மெடிக்கல். வெளிநாட்டுக்காரர்னா வொர்க் பர்மிட்டுக்கு 15 பாயின்ட் கணக்கு. அப்புறம் ஃபிஃபாவோட டிஎம்எஸ்ல (டிரான்ஸ்ஃபர் பதிவு பண்ற ஆன்லைன் அமைப்பு) ரெண்டு கிளப்பும் தனித்தனியா ஏத்துற விவரம் ஒண்ணுக்கொண்ணு பொருந்தணும். ஒரு தவணைத் தேதி மாறி இருந்தாலும் நிக்கும். பொருந்தின பிறகு பழைய நாட்டுச் சங்கத்துக்கிட்ட இருந்து சர்வதேசச் சான்றிதழ் வரணும், கடைசியா லீக் பதிவு.

இங்கிலாந்துல டீல் ஷீட்னு ஒண்ணு உண்டு. மூடுறதுக்கு முந்தின ரெண்டு மணி நேரத்துக்குள்ள "கொள்கையளவுல ஒத்துக்கிட்டோம்"னு அதை அனுப்பினா, மூடின பிறகு ரெண்டு மணி நேரம் கூடுதலாக் கிடைக்கும். முந்தி வழக்கமா ராத்திரி 11க்கு மூடுவாங்க, 2025 கோடையில சாயங்காலம் 7க்கே மூடிட்டாங்க.

டீல் ஷீட் போனாலும் டீல் முடிஞ்சதா அர்த்தம் இல்ல. 2025 செப்டம்பர் 1 அன்னிக்கு கிரிஸ்டல் பேலஸ் டிஃபெண்டர் மார்க் கேஹி லிவர்பூல் போறதுக்கு 35 மில்லியனுக்குப் பேசி, மெடிக்கல் வரை போய், டீல் ஷீட்டும் அனுப்பியாச்சு. மாற்று ஆள் கிடைக்கலைன்னதும் கிரிஸ்டல் பேலஸ் பின்வாங்கிடுச்சு. கடைசி நாள் டீல் பாதிக்கு மேல இப்படித்தான் சங்கிலியாத் தொங்கும், உங்க ஸ்ட்ரைக்கர் வராததுக்குக் காரணம் நீங்க பேரே கேக்காத மூணாவது கிளப்பா இருக்கலாம்.

நேரம் தவறினா கருணையும் கிடையாது. 2017ல அட்ரியன் சில்வா ஸ்போர்ட்டிங்ல இருந்து லெஸ்டருக்கு வந்தப்போ பதிவு 14 விநாடி தாமதம். ஃபிஃபா மறுத்திடுச்சு. 2018 ஜனவரி வரை அவர் வேடிக்கைதான் பார்த்தார்.

அவசரத்துல அண்டாவுக்குள்ளயும் கை நுழையாது. கடைசி நாள் ராத்திரி வந்த அந்த சென்டர் பேக் லோன்ல வந்தவரா, "கட்டாயம் வாங்கணும்"னு நிபந்தனையோட வந்தவரான்னு பாருங்க. நிபந்தனை லீக்ல தங்கினாலே நிறைவேறுற மாதிரி இருந்தா, அது லோன் வேஷம் போட்ட கொள்முதல், பணம் கட்டுறதுதான் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிடப்பட்டிருக்கு.

ஆறாவது_இடம்

எல்லாரும் ஒரே சோகமா இருக்கீங்க. 2018 கோடையில டாட்டன்ஹாம் ஒருத்தரைக்கூட வாங்கல. இந்த விண்டோ முறை வந்ததுல இருந்து பிரீமியர் லீக்ல அப்படிச் செஞ்ச முதல் கிளப் அதுதான். அந்த சீசன்தான் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் போனாங்க.

பெஞ்ச்_சூடு

@ஆறாவது_இடம் மீதிக் கதையையும் சொல்லுங்க பாஸ். 2019 ஜனவரியிலயும் யாரையும் வாங்கல, மிட்ஃபீல்டர் டெம்பெலேவை வித்தாங்க. கோடையில ட்ரிப்பியர் போனார், அந்த ரைட் பேக் இடத்துக்கு ஆள் வாங்கல. 2019 நவம்பர்ல அணி 14வது இடம், பயிற்சியாளர் பொச்செட்டினோ வேலை போச்சு. வாங்காத விண்டோவோட பில் அடுத்த வருஷம்தான் வரும்.

கார்னர்_கொடி

கணக்கு ஓரளவு புரிஞ்சுது, கோபம் குறையல, ஆனா இடம் மாறிடுச்சு. இப்ப ஜனவரி வரை கிளப் ஏதாவது செய்ய முடியுமா, இல்ல கையைக் கட்டிட்டு உக்கார வேண்டியதுதானா?

கடைசி_விசில்

கொஞ்சம் செய்யலாம். விண்டோ மூடும்போது எந்த கிளப்லயும் பதிவு இல்லாம இருந்த ஆளை இப்பவும் எடுக்கலாம், 25ல இடம் காலி இருந்தா. ஆனா ஐரோப்பியப் பட்டியல் செப்டம்பர் தொடக்கத்துலயே பூட்டிடுவாங்க, அதனால அவர் லீக்லயும் உள்நாட்டுக் கோப்பைகள்லயும்தான் ஆடுவார். ஆகஸ்ட் பூரா கிளப் இல்லாம இருந்தவர் 90 நிமிஷம் ஓட அஞ்சாறு வாரம் ஆகும்னு வச்சுக்கோங்க. ஸ்ட்ரைக்கரை இப்படித் தேடாதீங்க. பந்தைப் பிடிச்சு நிதானமாக் கொடுக்கிற மிட்ஃபீல்டர்னா பரவாயில்ல.

விக்கிறதும் முழுசா நிக்கல. துருக்கி, சவூதி விண்டோ வழக்கமா இங்க மூடின பிறகும் சில நாள் திறந்திருக்கும். அங்க ஒருத்தர் போனா சம்பளமும் 25ல ஒரு இடமும் மிச்சம், ஜனவரிக்கு உதவும்.

ஜனவரியில வாங்குறப்போ ரெண்டு விதியைப் பாருங்க. ஒரு சீசன்ல ஒருத்தர் ரெண்டு கிளப்புக்குத்தான் ஆட முடியும். ஆகஸ்ட்ல பழைய கிளப்புக்கு ஒரு மேட்ச் ஆடிட்டு மாறினவரை ஜனவரியில எடுத்துப் பயன் இல்லாமப் போகலாம். ஐரோப்பியப் பட்டியல்ல, முதல் கட்டம் முடிஞ்சதும் புதுசா மூணு பேரைச் சேர்க்கலாம்.

கணக்குப்பிள்ளை

இன்னொண்ணு. ஜனவரி 1ல இருந்து, ஒப்பந்தத்துல ஆறு மாசமே மிச்சம் இருக்கிற உங்க ஆட்கள்கிட்ட வெளிநாட்டு கிளப்புகள் நேராப் பேசி முன்-ஒப்பந்தம் போடலாம், உங்களுக்கு ஒரு பைசா வராது. உங்க அணியில அடுத்த ஜூன்ல ஒப்பந்தம் முடியுறவங்க யார்னு இப்பவே எடுத்துப் பாருங்க. அதுல முதல் பதினோரு பேர்ல ஆடுறவங்க மூணு பேர் இருந்தா, வாங்காத ஸ்ட்ரைக்கரை விட அதுதான் பெரிய பிரச்சினை.