சக்கர நாற்காலி படகில் ஏறவில்லை

வெள்ள முகாம் ஒன்றில் 11 நாள் வேலை பார்த்தேன். நான்காம் நாள்தான் அந்த அக்காவைக் கவனித்தேன். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. தண்ணீர் பாட்டில் கொடுத்தால் வாங்கி, மூடியைக்கூடத் திறக்காமல் பக்கத்தில் வைத்துவிடுவார். ஏழெட்டு பாட்டில் வரிசையாக நின்றன. கேட்டால், "தாகம் இல்லப்பா." பக்கத்துப் பாயில் இருந்த பாட்டிதான் விஷயத்தைச் சொன்னார். கழிப்பறைக்கு மூன்று படி. தூக்கிப்போக ஆண்களைத்தான் கூப்பிட வேண்டும். அதற்குத் தாகமே மேல் என்று இருந்திருக்கிறார்.

சக்கர நாற்காலி? வீட்டிலேயே கிடக்கிறது. "உயிர்தான் முக்கியம், வண்டியை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று படகில் ஏற்றியவர்கள் சொல்லிவிட்டார்களாம். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் நாற்காலியோடு மெத்தையும் போயிற்று. உணர்வில்லாத உடம்பு வெறும் தரையில் அசையாமல் சில மணி நேரம் இருந்தாலே படுக்கைப்புண் தொடங்கிவிடும். அவருக்குத் தொடங்கியிருந்தது.

நாங்கள் கெட்டிக்காரர்கள் அல்லவா, இரவல் நாற்காலி ஒன்றைப் பிடித்துவந்து, படிமேல் ஒரு பலகையைச் சாய்த்துவிட்டுப் பெருமையாக நின்றோம். அக்கா பார்த்துச் சிரித்தார். 1 அடி உயரம் ஏற 12 அடி நீளச் சரிவு வேண்டும். மூன்று படியும் சேர்ந்து ஒன்றரை அடி, ஆக 18 அடி. எங்கள் பலகை 5 அடி. அதில் ஏற்றியிருந்தால் மல்லாக்க விழுந்திருப்பார். கடைசியில் அவரே வழி சொன்னார்: பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் ஓட்டை வெட்டு, அடியில் வாளி வை, சுற்றிலும் தார்ப்பாய் கட்டு. அரை மணி நேர வேலை. அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு பாட்டில் காலி.

அக்கா பிழைப்புக்கு வைத்திருந்த தையல் மெஷின் சேற்றில் போய்விட்டது. இருந்தது வாடகை வீடு. சேதக் கணக்கில் வீட்டுச் சொந்தக்காரர் பெயர்தான் ஏறியது.

* * *

மேலே எழுதியவருக்கு: நான்காம் நாள் வரை அவர் கண்ணில் படாததற்குப் பதிவேடும் ஒரு காரணமாக இருக்கலாம். நான் பெயர் எழுதும் மேசையில் இருந்தவள். "வீட்டில் ஊனமுற்றவர் உண்டா?" என்று கேட்டால் பலரும் இல்லை என்பார்கள். கூச்சம் ஒரு பக்கம். சான்றிதழ் வாங்க அலைய வசதியில்லாததால், தங்களுக்கு அந்தப் பெயர் பொருந்தாது என்று நினைப்பவர்கள் இன்னொரு பக்கம். மாற்றுத்திறனாளிகளைக் கணக்கெடுக்கும் முறையை வகுக்க ஐ.நா. அமைத்த வாஷிங்டன் குழுவின் கேள்விகளை ஒருவர் காட்டித் தந்த பிறகு மாற்றிக் கேட்டோம்: பார்க்க, கேட்க, நடக்க, ஞாபகம் வைக்க, குளித்து உடுத்த, பிறர் பேச்சைப் புரிந்துகொள்ளச் சிரமம் உண்டா? இல்லை என்று போன ஒரு தாத்தா திரும்பி வந்தார். காது கேட்காது. மைக்கில் டோக்கன் எண் கூப்பிட்டதே அவருக்குத் தெரியாது, இரண்டு நாளாக யாரோ தந்ததைச் சாப்பிட்டிருக்கிறார். பேரிடரில் மாற்றுத்திறனாளிகளைக் காப்பது அரசின் கடமை என்று 2006-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையின் 11-ஆம் பிரிவு சொல்கிறது. மைக் பிடித்தவருக்கு யார் சொல்வது?

* * *

எனக்குப் பார்வை கிடையாது. தெருவில் பொருள் விற்றுப் பிழைக்கிறவன். வெள்ளம் வடிந்தபின் என் தெருவே எனக்குப் புதுசு. படிக்கட்டு, மின்கம்பம், சுவர் முனை என்று வைத்திருந்த அடையாளம் அத்தனையும் சேற்றுக்குள். தொண்டர் ஒருவர் கேட்காமலே கையைப் பிடித்து இழுத்துப்போய் ஒரு வரிசையில் நிறுத்திவிட்டுப் போனார். அது என்ன வரிசை என்று எனக்கு முக்கால் மணி நேரம் தெரியாது. முழங்கையைக் கொடுத்து, எங்கே போகிறோம் என்று சொல்லியிருந்தால் போதும்.

சரக்கு போனதற்கு நிவாரணம் கேட்டுப் போனால், "முன்னாடி இருந்த சரக்குக்கு ஃபோட்டோ வச்சிருக்கீங்களா?" என்றார் அங்கே இருந்தவர். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பக்கத்து வீட்டுப் பையன் எப்போதோ விளையாட்டாக எடுத்த வீடியோவில் என் பின்னால் மூட்டை தெரிகிறதாம். அதை வைத்து விண்ணப்பம் போட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.