ஒரு வருச லீவு, ஒரு பேக், ஒரு கண்டம்: ஐரோப்பாவா ஆபிரிக்காவா?

கல்லடிப்பாலம்:
வாற ஏப்ரல் தொடக்கம் ஒரு வருசம் சம்பளமில்லா லீவு. கையில 9,000 டொலர் அளவில இருக்கும். தனிய, ஒரு பேக்கோட, ஒரு கண்டத்தை பஸ்ஸாலயும் ரயிலாலயும் சுத்துறதுதான் எண்ணம். இப்போதைய திட்டம்: சூரிச்சில அக்கா வீட்டில இறங்கி, ஐரோப்பா முழுக்க 11 மாதம். பாஸ்போட் புதுசு, இதுவரைக்கும் ஒரு விசாவும் குத்தினதில்ல. எங்க ஓட்டை இருக்கெண்டு சொல்லுங்க.

உகந்தைக்காட்டான்:
"ஐரோப்பா, 11 மாதம்" எண்ட இடத்திலயே ஓட்டை தம்பி. ஷெங்கன் எண்டது ஒரே விசாவில சுத்தக்கூடிய ஐரோப்பிய நாடுகள், 29உம் ஒரே வளவு மாதிரி. சுவிஸில 90 நாள், மறுகா பிரான்ஸில 90 நாள் எண்டு தனித்தனிக் கணக்கில்ல. எந்த 180 நாளை எடுத்தாலும் அந்த வளவுக்குள்ள மொத்தம் 90 நாள்தான். போய் இறங்கிற நாளும் கிளம்புற நாளும் கணக்கில சேரும். பழைய குறிப்புகளில "குரோஷியாவுக்குப் போய் நிண்டுட்டு வா, ருமேனியாவுக்குப் போ" எண்டிருக்கும், நம்பாத. குரோஷியா 2023 ஜனவரியிலயும், ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரியிலயும் முழுசா உள்ள வந்திட்டுது. 2025 ஒக்டோபர் 12இல இருந்து கைரேகையும் முகப்படமும் எடுத்து மெசினில நாள் எண்ணத் தொடங்கியிருக்கு. குத்தின சீல் மங்கலா இருக்கு, கண்டுபிடிக்க மாட்டாங்க எண்ட கதை இனிச் சரிவராது.

காசுக் கணக்கையும் பார். 9,000ஐ 330 நாளால பிரிச்சா நாளுக்கு 27 டொலர். மேற்கு ஐரோப்பாவில ஹொஸ்டல் கட்டிலுக்கே அது பத்தாது. கிழக்கு, தெற்கு ஆபிரிக்காவுக்குப் போ.

புன்னைச்சோலை:
90 நாள் சட்டம் சரி, அதால ஐரோப்பாவே இல்லையெண்டு முடிவு கட்டுறது அவசரம். 90 உள்ள, 90 வெளிய, 90 உள்ள. ஏப்ரல் 1 நுழைஞ்சா ஜூன் 29 கடைசி நாள். ஜூன் 30இல இருந்து செப்டெம்பர் 27 வரைக்கும் வெளிய. செப்டெம்பர் 28 திரும்ப நுழைஞ்சா டிசம்பர் 26 வரைக்கும் நிக்கலாம். நடுவில வாற 90 நாளுக்கு அல்பேனியா, மொண்டெனேகுரோ, வட மசிடோனியா, சேர்பியா எல்லாம் இருக்கு. செல்லுபடியான ஷெங்கன் விசா கையில இருந்தா இந்த நாடுகளுக்குத் தனி விசா தேவையில்ல. மொண்டெனேகுரோ 30 நாள், மசிடோனியா 15 நாள், சேர்பியா 90 நாள். ஜோர்ஜியாவும் அதே விசாவுக்கு 90 நாள் விடும். பால்கன் பக்கம் செலவும் குறைவு. ரயிலும் பஸ்ஸும் இருக்கு, தண்ணி குழாயில குடிக்கலாம், மலேரியா இல்ல. முதல்தரம் தனியப் போற ஆளுக்கு அது சின்ன விசயமில்ல.

உகந்தைக்காட்டான்:
கணக்கு வடிவா இருக்கு மச்சான். ஆனா முதல்தரம் விண்ணப்பிக்கிறவனுக்கு அந்த விசாவை ஆர் குடுக்கிறது? ஷெங்கன் விசாச் சட்டத்தில 2020இல இருந்து வரிசை தெளிவா இருக்கு. கடந்த 2 வருசத்துக்குள்ள 3 விசா எடுத்து ஒழுங்காப் பாவிச்சவங்களுக்குத்தான் ஒரு வருசத்துக்குப் பலமுறை நுழையிற விசா. அதைப் பாவிச்சு முடிச்சா மறுகா 2 வருசம், பிறகு 5 வருசம். புதுப் பாஸ்போட்டுக்கு பெரும்பாலும் வாறது, பயணத்திட்டத்தில எழுதின நாளுக்கு ஒருமுறை நுழையிற விசா. அது முடிஞ்சா அல்பேனியாவும் இல்ல, சேர்பியாவும் இல்ல. அல்பேனியா, பலமுறை விசாவை ஒருக்காவாவது பாவிச்சிருக்கோணும் எண்டும் கேக்கும்.

இடையில புதுசா விண்ணப்பிக்கலாமெண்டா, சட்டப்படி வசிக்கிற நாட்டிலதான் குடுக்கோணும். வேற நாட்டில நிண்டு குடுக்க நியாயம் காட்டோணும், "ஊர் சுத்துறன்" எண்டது எடுபடாது. அப்ப திரும்பவும் ஊரில இருந்து உதயதேவி ரயிலில ஏறி, கொழும்பில கைரேகை வச்சு, 90 யூரோ கட்டி, நிராகரிச்சா அந்தக் காசையும் விட்டு.

புன்னைச்சோலை:
சரி, பலமுறை விசா விசயத்தை ஒத்துக்கிறன். முதல்தரத்துக்கு 90-90-90 நடக்காது. ஆனா ஒரே ஒரு 90 நாள் நடக்கும், அதை எடுக்கிற வழி தெரியாமத்தான் கனபேர் கெடுக்கிறாங்க. பயணத்துக்கு 6 மாதத்துக்கு முதல் விண்ணப்பம் எடுக்க மாட்டாங்க, 15 நாளுக்குப் பிந்தியும் குடுக்கேலாது. கனநாள் நிக்கிற நாட்டுக்குத்தான் விண்ணப்பம். சூரிச்சில 10 நாளும் இத்தாலியில 30 நாளும் எண்டு எழுதிப்போட்டு சுவிசுக்குக் குடுத்தா அங்கயே பிழை. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி, அதில உடலை ஊருக்கு அனுப்பிற செலவும் இருக்கோணும். அக்காட அழைப்புக் கடிதம் தங்குமிடத்துக்கு உதவும். ஆனா "சொந்தம் அங்க, வேலை இங்க லீவில" எண்டு படிக்கிற அதிகாரிக்கு, இவன் திரும்புவானா எண்ட சந்தேகம் வரும். லீவுக் கடிதத்தில வேலைக்குத் திரும்பிற திகதி எழுத்தில இருக்கோணும். ஒரு வருசத்தையும் காட்டாம, 40, 50 நாள் திட்டமொண்டு காட்டுறது புத்தி.

அக்காவுக்குச் சாமான் கொண்டுபோற ஆளுக்கு ஒண்டு: இறைச்சி, பால் சேர்ந்தது ஒண்டும் கொண்டுபோகேலாது. சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில இல்லாட்டியும் அதே தடைதான். மீன் வேற கணக்கு, மாசியும் கருவாடும் 20 கிலோ வரைக்கும் விடுவாங்க. 20 கிலோ மாசியோட ஆர் பேக்பேக் பண்ணப்போறான் எண்டது வேற கதை.

ஆபிரிக்காவில விசா தண்ணி மாதிரிக் கிடைக்குமெண்டு காட்டான் சொல்லாத. தென்னாபிரிக்காவுக்கு எங்கட பாஸ்போட்டுக்கு முன்கூட்டியே விசா வேணும். தன்சானியா 50 டொலர் ஒன்லைன் விசா எல்லா நாட்டாருக்கும் ஒரே வேகத்தில வராது, சில பாஸ்போட்டுகளுக்குத் தனி விசாரணை வச்சிருக்காங்க.

பொத்துவில் நானா:
ரெண்டு பேரும் நாட்டைப் பத்திச் சண்டை பிடிக்கிறீங்க, எதுக்குப் பிறகு எது எண்ட வரிசையைப் பாக்கல்ல. கஷ்டமான விசாவில தொடங்கி லேசான விசாவில முடிக்கோணும். அறுகம்பேக்கு வாற வெள்ளைக்காரன் நைரோபியில இறங்கித் தெற்கால போவான், அவனுக்கு எந்த எல்லையும் ஒண்டுதான். எங்கட ஆள் அப்படிப் போனா, கொழும்பில எடுத்த தென்னாபிரிக்க விசா, எல்லைக்குப் போய்ச் சேர முன்னமே காலாவதியாகிப் போகும். அதால ஜொகன்னஸ்பேர்க்கில இறங்கி வடக்கால ஏறு. பாஸ்போட்டில வெறும் பக்கம் ரெண்டு கட்டாயம் கேப்பாங்க.

காலமும் ஒத்துவரும். தெற்கில மே தொடக்கம் ஒக்டோபர் வரைக்கும் வறட்சி. மே மாதம் விக்டோரியா நீர்வீழ்ச்சியில தண்ணி நிரம்பி நிக்கும், ஒக்டோபரில போனா பாறைதான் தெரியும். ஜூலை, ஆகஸ்ட் தன்சானியா. செப்டெம்பரில கென்யா, உகண்டா, ருவாண்டா மூண்டுக்கும் சேர்த்து ஒரு கிழக்காபிரிக்க சுற்றுலா விசா, 100 டொலர், 90 நாள். அந்த மூண்டுக்குள்ள எத்தனை தரமும் போய் வரலாம், ஆனா தன்சானியாவுக்கு ஒரு எட்டு வச்சாலும் அது முடிஞ்சு. அதால தன்சானியா முதல். விசா குடுத்த நாட்டுக்குள்ளதான் முதல்ல நுழையோணும்.

காசு: 100 டொலர் தாள் 2013க்குப் பிந்தின நீலப்பட்டி போட்டதாப் பார்த்து எடு. பழைய தாள், மடிஞ்சது, பேனை கீறினது எண்டா காசு மாத்திற இடத்தில திருப்பித் தருவாங்க. 10, 20 டொலர் தாளுக்கு விலை குறைவாத்தான் போடுவாங்க, ஆனா எல்லையில விசாக் காசு கட்ட அதுதான் உதவும். கென்யாவில பாஸ்போட்டைக் காட்டி சிம் எடுத்து, ஃபோனால காசு கட்டுற எம்பெசா போட்டா மரக்கறிக் கடை வரைக்கும் அதிலயே கட்டலாம். நைரோபி-மொம்பாசா ரயிலுக்கும் அதுதான்.

நாளுக்கு 27 டொலர் பஸ்ஸுக்கும் அறைக்கும் சாப்பாட்டுக்கும் இழுபறியில காணும். மிருகம் பாக்கிற ஆசை வந்தா காணாது. மசாய் மாராவுக்கு ஜூலை தொடக்கம் டிசம்பர் வரைக்கும் ஒரு நாளைக்கு 200 டொலர், நுழைய மட்டும். கொரில்லா பாக்க உகண்டாவில 800, ருவாண்டாவில 1,500. எங்களுக்குக் குமன சரணாலயம் பக்கத்தில கிடக்கு மனே, யானைக்குக் காசைக் கொட்டாத.

மாமாங்கத்தாள்:
ஊசியையும் குளிசையையும் பத்தி ஒருத்தரும் கதைக்கல்ல.

மஞ்சள் காய்ச்சல் ஊசி பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில போடலாம், நாளைக் கேட்டுக்கொண்டு பாஸ்போட்டோட போங்க. போட்டு 10 நாளுக்குப் பிறகுதான் அட்டை செல்லும். 2016இல இருந்து ஒருக்காப் போட்டா ஆயுளுக்கும் காணும். உகண்டா வாசலிலயே கேக்கும். கென்யா, உகண்டாவில இருந்து திரும்பினா கட்டுநாயக்காவிலயும் கேப்பாங்க. அட்டையை பாஸ்போட்டோட சேர்த்து வையுங்க, ஃபோனில படமெடுத்தது அட்டையில்ல.

மலேரியாதான் எங்கட ஆக்களுக்கு உண்மையான பொறி. இலங்கையில மலேரியா இல்லையெண்டு 2016இல உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தினது. அதால இளம் ஆக்களுக்கு எதிர்ப்பும் இல்ல, பயமும் இல்ல. நாரஹேன்பிட்டியில உள்ள மலேரியா தடை இயக்கத்தில தடுப்புக் குளிசை இலவசமாத் தருவாங்க, மாவட்ட மலேரியா அலுவலகத்திலயும் விசாரிக்கலாம். டொக்ஸிசைக்ளின் எண்டா 100 மில்லிகிராம் தினம் ஒண்டு, போறதுக்கு ஒண்டு ரெண்டு நாள் முதல் தொடங்கி, மலேரியா இடத்தை விட்டு 4 கிழமை வரைக்கும் விடாமல். வெறும் வயிற்றில போட்டுட்டுப் படுத்தா நெஞ்சு எரியும். ஒரு கிளாஸ் தண்ணியோட சாப்பாட்டுக்குப் பிறகு போட்டு அரை மணித்தியாலம் நிமிந்து இருங்க. வெயிலில தோல் சுடும். மெஃப்ளோகுவின் கிழமைக்கு ஒண்டு, ஆறு மாதப் பயணத்துக்கு லேசு. ஆனா வலிப்பு, மனநோய் இருந்த ஆக்களுக்குக் கூடாது. ரெண்டு மூண்டு கிழமை முதலே தொடங்கினாத்தான் ஒத்துவருதா எண்டு ஊரிலயே தெரியும்.

கனபேர் ஊருக்கு வந்தவுடன குளிசையை நிப்பாட்டுவாங்க, அதுதான் ஆபத்து. வந்து மூண்டு மாதத்துக்குள்ள காய்ச்சல் வந்தா, ஏன் ஒரு வருசத்துக்குள்ள வந்தாலும், டொக்டருக்கு முதல் சொல்லு "ஆபிரிக்காவில நிண்டனான்" எண்டதாத்தான் இருக்கோணும். சொல்லாட்டி மட்டக்களப்பில காய்ச்சலெண்டா டெங்குவைத்தான் முதல் நினைப்பாங்க, இரத்தத்தில மலேரியா பாக்கச் சுணங்கும்.

இன்னொண்டு. மலாவி ஏரியும் விக்டோரியா ஏரியும் எங்கட வாவி மாதிரித் தெரியும், இறங்காதீங்க. நத்தையில இருந்து வாற பில்ஹார்சியாப் புழு தோலுக்குள்ளால ஏறும்.

புன்னைச்சோலை:
மாமாங்கத்தாள் அக்கா சொன்னது முழுக்க என்ர பக்கத்துக்குத்தான் சாட்சி.

உகந்தைக்காட்டான்:
இல்ல, ஆயத்தமாப் போகலாம் எண்டதுக்குத்தான் சாட்சி. விசா இல்லாட்டி ஆயத்தமாகவும் ஏலாது.

பேக்கைப் பத்தி: 40 லீட்டருக்கு மேல வேண்டாம், நிறை 8 கிலோவுக்குள்ள. காட்டுப்பாதையால கதிர்காமம் நடக்கிறமாதிரி அரிசி, சட்டி, பாய் கட்டாத, அங்க ஒவ்வொரு டவுணிலயும் சோறோ, உகாலி எண்ட சோளமாக் களியோ கிடைக்கும். கழுத்தடி எலும்பில இருந்து இடுப்பெலும்பு மேல் விளிம்பு வரைக்கும் அளந்து அந்த நீளத்துக்குப் பேக் எடு. பாரம் தோளில தொங்காம இடுப்புப் பட்டியில இருக்கோணும். பாரமான சாமான் முதுகோட ஒட்டி நடுவில.

புன்னைச்சோலை:
மழைக்கு உள்ள ஒரு பெரிய பொலித்தீன் போட்டாப் போதும்.

உகந்தைக்காட்டான்:
அதைத்தான் போடாத. ருவாண்டா 2008இலயும், கென்யா 2017இலயும், தன்சானியா 2019இலயும் பொலித்தீன் பையைத் தடை செஞ்சிட்டுது. எயார்போட்டில ஷொப்பிங் பேக்கைக்கூடப் பறிப்பாங்க. துணியில செஞ்ச நீர்புகாப் பை வாங்கு. பவர்பேங்க் 20,000 mAh எண்டா 74 வாட்மணி, அது கைப்பையில மட்டும். 100 வாட்மணிக்கு மேல எண்டா விமானக் கம்பனியிட்டக் கேக்கோணும். கென்யா, உகண்டா, தன்சானியாவில எங்கட புது மூண்டு சதுரமுள் பிளக்கே போகும். தென்னாபிரிக்காவுக்கு மட்டும் வேற தலை.

கச்சேரியடி:
அரச வேலையெண்டா ஒரு விசயம். 2022இல வந்த 14/2022 சுற்றறிக்கையில 5 வருசம் வரைக்கும் லீவு எண்டதைப் பார்த்து ஊர் சுத்தக் கிளம்பாதீங்க. வெளிநாட்டு வேலைக்கு எண்டா வெளிநாட்டுக் காசு அனுப்பிற நிபந்தனையோட வந்தது அது. விண்ணப்பத்தில காரணத்தை மாத்தி எழுதாம, நிறுவனத் தலைவரிட்ட வெளிநாட்டு லீவு அனுமதியை எழுத்தில எடுங்க. சம்பளத்தில கழிக்கிற கடன் தவணை லீவில நிக்காது, 12 மாதத்துக்கும் தனியா எடுத்து வையுங்க.

கல்லடிப்பாலம்:
தனியார் கம்பனிதான் அண்ணன், ஆனா கடன் இருக்கு, அதைக் கழிச்சா 7,400தான் மிஞ்சுது. அப்ப ஜொகன்னஸ்பேர்க்கில இறங்கி வடக்கால 6 மாதம், நைரோபியில முடிவு. மிச்ச மாதங்கள் ஊரில. சூரிச்சுக்கு ஒரு 40 நாள் விண்ணப்பம் வந்து பிறகு. நானா, தென்னாபிரிக்க விசாவுக்கும் மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கும் ஒரே கொழும்புப் பயணத்தில போகலாமா?

பொத்துவில் நானா:
போகலாம். ஊசி போடுற நாளை முதல் கேட்டு, அதுக்கு அடுத்தநாளுக்கு விசா நேரத்தை எடு. விசாவுக்கு முதல் குடுத்தா பாஸ்போட் அவங்களிட்டத்தான் கிடக்கும், பிறகு ஊசி அட்டைக்குப் பாஸ்போட் கேட்டா முழிப்பாய். அதால ஊசிதான் முதல்.