மலக்குடல் ஜெல் எச்ஐவி தடுப்புக்குப் பாதுகாப்பானதா?

கேள்வி: நானும் என் துணைவரும் ஆண்கள். ஆசனவாயில் பயன்படுத்தும், டெனோஃபோவிர் என்ற எச்ஐவி மருந்து கலந்த ஜெல்லை முறையாகச் சோதித்திருக்கிறார்களா? உள்ளே புண்ணாகிவிடுமோ என்பதுதான் எங்கள் பயம்.

பதில் 1: நியாயமான பயம்தான். நோனாக்சினால்-9 என்ற விந்தணுக்கொல்லி கலந்த ஜெல் மலக்குடலின் உள்தோலையே உரித்தது, அதை நம்பவே கூடாது. டெனோஃபோவிர் ஜெல்லும் முதலில் பெண்ணுறுப்புக்காகச் செய்தது, மலக்குடலில் போட்டால் வயிற்றுவலி, பேதி என்று வந்ததால் அப்புறம் கிளிசரினைக் குறைத்தார்கள்.

பதில் 2: கிளிசரின் குறைத்த ஜெல்லை எம்டிஎன்-017 என்ற ஆய்வில் அமெரிக்கா, பெரு, தாய்லாந்து, தென்னாப்பிரிக்காவில் ஆண்களும் திருநங்கைகளுமாக 195 பேரிடம் சோதித்தார்கள். தினசரி ஜெல், உறவுக்கு முன்னும் பின்னும் மட்டும் ஜெல், எச்ஐவியைத் தடுக்கும் ட்ருவாடா மாத்திரை தினசரி, ஒவ்வொன்றும் 8 வாரம். 2016இல் வந்த முடிவில் ஜெல் பாதுகாப்பாகவே இருந்தது. ஆனால் தொற்றைத் தடுக்கிறதா என்பதை அந்த ஆய்வு பார்க்கவில்லை, இது முக்கியம்.

பதில் 3: ஜெல்லுக்காகக் காத்திருக்காதீர்கள் நண்பரே. இருவரும் முதலில் பரிசோதனை செய்துகொண்டு, பிரெப் மாத்திரை (தொற்று வராமலிருக்க முன்கூட்டியே எடுப்பது, ட்ருவாடா போல) பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை ஆணுறை.