தொண்டு செய்யச் சென்று சும்மா நின்றுவிட்டுத் திரும்புகிறேன்; எங்கே தவறுகிறேன்?

நடைவழி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பணி ஓய்வு பெற்று எட்டு மாதங்கள் ஆகின்றன. எங்கள் பகுதியில் நடந்த ஒரு மருத்துவ முகாமுக்கும் ஒரு புத்தகச் சேகரிப்பு நிகழ்ச்சிக்கும் தன்னார்வலராகப் பெயர் கொடுத்துச் சென்றேன். இரண்டு இடங்களிலும் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு, யாராவது ஒரு வேலை சொல்வார்கள் என்று காலை முழுவதும் நின்றதுதான் மிச்சம். அதைவிட என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. எங்கள் தெருவில் ஒரு முதிய தம்பதியர் தனியாக வசிக்கிறார்கள். அந்த அம்மையார் சில மாதங்களாகப் படுக்கையில் இருக்கிறார். உதவ விரும்புகிறேன், ஆனால் கதவைத் தட்டினால் இரக்கப்பட்டு வந்ததாக நினைத்து வருந்துவார்களோ என்ற தயக்கம் இருக்கிறது. எனக்கு மருத்துவமோ சட்டமோ தெரியாது. என்னைப் போன்றவர் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பந்தல்கால்:

வணக்கம் ஐயா. பல ஆண்டுகளாகத் தன்னார்வலர்களை ஒருங்கிணைத்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் சும்மா நின்றதில் பெரும்பங்குத் தவறு எங்களைப் போன்ற ஏற்பாட்டாளர்களுடையது. எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிடாமல் வந்தவர்களையெல்லாம் சேர்த்துக்கொள்கிறோம். அவர்களும் தொடக்க விழா நேரத்தில் ஒன்றாகக் குவிந்து, பிற்பகலில் ஒவ்வொருவராகக் கலைந்துவிடுகிறார்கள். நாற்காலிகளை அடுக்குவதற்கும், குப்பையைப் பிரித்து அகற்றுவதற்கும், இரவலாக வாங்கிய பொருள்களைச் சரிபார்த்துத் திருப்பி ஒப்படைப்பதற்கும் மாலையில் நான்கு பேர் கிடைத்தால் அன்று எங்களுக்குத் திருநாள்.

அடுத்த முறை பெயர் கொடுக்கும்போதே, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை இருப்பீர்கள், எதைச் செய்ய இயலும், எதைச் செய்ய இயலாது என்பதைச் சொல்லிவிடுங்கள். நெடுநேரம் நிற்க முடியாது என்றால் அதையும் மறைக்க வேண்டியதில்லை; பதிவு மேசையில் பொறுமையாக அமர்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்குப் படிவம் நிரப்பித் தருபவர் கிடைப்பது அரிது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1985-ஆம் ஆண்டில் அறிவித்தபடி டிசம்பர் 5 பன்னாட்டுத் தன்னார்வலர் நாளாகக் கொண்டாடப்படுகிறது; அந்த வாரத்தில் எங்களிடம் பெயர் கொடுப்பவர்களுக்குக் குறைவே இல்லை. பிப்ரவரியில் அழைத்தால் தொலைபேசியை எடுப்பவர்கள்தாம் குறைவு. வர இயலாது என்று முந்தைய நாளே சொல்லிவிடும் ஒருவரை, வருவதாகச் சொல்லி வராத பத்துப் பேரைவிட மேலாக மதிக்கிறேன்.

மாடிவீடு:

உதவி பெற்றவர்களின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கால் முறிந்து ஏழு வாரங்கள் வீட்டுக்குள்ளேயே கிடந்தபோது, ஒரு குழுவினர் வந்து, எனக்குத் தேவையே இல்லாத போர்வை ஒன்றைக் கையில் கொடுத்து, அதைப் பிடித்தபடி இருக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் படம் யார் யாருக்குப் போனதோ தெரியாது. அந்தப் போர்வையைப் பிரிக்க எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.

அதே வாரத்தில் மேல்தளத்துப் பெண் ஒருத்தி வந்தாள். “செவ்வாய்க்கிழமைகளில் மாலை ஒரு மணி நேரம் எனக்கு ஓய்வு இருக்கிறது அக்கா, மருந்து வாங்கி வரட்டுமா, குப்பையைக் கீழே கொண்டுபோகட்டுமா?” என்று கேட்டாள். “எது வேண்டுமானாலும் கேளுங்கள்” என்றவர்களிடம் நான் எதையுமே கேட்டதில்லை. இவளிடம் மட்டும் கூச்சமின்றி, “குப்பை” என்று சொல்ல முடிந்தது. ஆகவே அந்தத் தம்பதியரிடம் நாளும் நேரமும் குறிப்பிட்டு, ஒன்றிரண்டு சிறு வேலைகளைச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வற்புறுத்தாமல் திரும்பிவிடுங்கள். சில வாரங்கள் கழித்து மீண்டும் ஒருமுறை கேட்பதில் தவறில்லை. பெரும்பாலும் அந்த அம்மையாரைவிட, அவரைக் கவனித்துக்கொள்ளும் கணவருக்குத்தான் வெளியே சென்றுவர ஒரு மணி நேரம் தேவைப்படும். பணம் எடுத்துவரச் சொன்னால் மட்டும், உறவினர் ஒருவருக்குத் தெரியும்படி செய்துகொள்ளுங்கள். அது உங்கள் இருவருக்குமே பாதுகாப்பு.

கிணற்றடி:

தனித்திறமை இல்லை என்று எழுதியிருந்தீர்கள். 1859-இல் இத்தாலியின் சோல்ஃபெரினோ போர்க்களத்தை அடுத்த ஊரில் காயமுற்றவர்களுக்கு உதவிய ஆன்றி டுனான்ட் மருத்துவரும் அல்லர், போர்வீரரும் அல்லர். வணிக வேலையாக அவ்வழியே வந்தவர். உள்ளூர்ப் பெண்களைத் திரட்டித் தண்ணீருக்கும் கட்டுத்துணிக்கும் ஏற்பாடு செய்தார். ஆனால் நல்ல மனம் மட்டும் போதாது, அமைதிக் காலத்திலேயே தன்னார்வலர்களைப் பயிற்றுவித்து வைத்திருக்க வேண்டும் என்று பின்னர் வலியுறுத்தியவரும் அவரே. 1863-இல் செஞ்சிலுவை இயக்கம் அந்த எண்ணத்திலிருந்துதான் பிறந்தது. எனவே முந்தைய பதில்களோடு ஒன்றைச் சேர்க்கிறேன்: ஒரு முதலுதவிப் பயிற்சியை முடித்துவிடுங்கள். இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும் என்பதைப் படித்தால் மட்டும் போதாது. பொம்மையின் மீது அழுத்திப் பழகிய கைகளுக்குத்தான் அந்த வேகம் பிடிபடும்.

நடைவழி:

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை அந்த வீட்டுக்குச் சென்று, வியாழக்கிழமைகளில் ஐந்து மணி முதல் ஆறு மணி வரை வர இயலும் என்று சொன்னேன். பெரியவர் சற்று யோசித்துவிட்டு, தமக்கு எந்த உதவியும் தேவையில்லை என்றும், மனைவிக்கு நாளிதழ் வாசித்துக் காட்ட வேண்டும், தமக்குக் கண்புரை இருப்பதால் எழுத்து தெரியவில்லை என்றும் சொன்னார். வரும் வியாழன் தொடங்குகிறேன். முதலுதவிப் பயிற்சிக்கு வயது வரம்பு ஏதேனும் இருந்தால் கிணற்றடி அவர்கள் தெரிவிக்கவும்.