லாம்பிக் ப்ரூவரிக்குப் போனால் எதைப் பார்ப்பது, என்ன கேட்பது

பிரஸ்ஸல்ஸின் மிடி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகிற தூரத்தில், ஆன்டர்லெக்ட் பகுதியில் இருக்கிறது கான்டியோன், லாம்பிக் என்ற புளிப்பு பீர் தயாரிக்கும் ப்ரூவரி. 1900-இல் தொடங்கிய குடும்பத் தொழில். 1978-இல் ழான்-பியேர் வான் ராய் வேலையை நிறுத்தாமலே இடத்தை அருங்காட்சியகமாகவும் திறந்துவிட்டார். இன்று பொறுப்பில் இருப்பவர் அவருடைய மகன் ழான் வான் ராய். அங்கே போகிறவர்கள் "எந்த ஈஸ்ட் போடுறீங்க?" என்று தொடங்கக் கூடாது. அங்கே யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. நம்மூர்க் கள் கலயத்திலேயே தானாகப் புளித்து நுரைக்கிறதே, அந்த வழிதான். கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் புளிப்பைத் தடுத்தால் நமக்குப் பதநீர் கிடைக்கிறது. லாம்பிக்கில் தடுப்பதில்லை, மூன்று வருஷம் வரை புளிக்க விடுகிறார்கள்.

கேள்வியைக் கஞ்சியிலிருந்து, அதாவது தானியத்தை வெந்நீரில் கரைக்கும் கட்டத்திலிருந்து தொடங்கினால் உரிமையாளர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். ஒரு ஈட்டுக்கு 1,300 கிலோ தானியம். அதில் 65 சதவீதம் மால்ட் செய்த (முளைகட்டி உலர்த்திய) பார்லி, 35 சதவீதம் முளைகட்டாத பச்சைக் கோதுமை. சூட்டை 45 டிகிரியிலிருந்து 72 டிகிரி வரை படிப்படியாக ஏற்றுவார்கள். நடுவில் கலங்கலான நீரை எடுத்துத் தனியாகக் கொதிக்கவைத்துத் திரும்ப ஊற்றுவார்கள். கொதித்த பகுதியில் மாவை உடைக்கும் நொதிகள் செத்துவிடும், அதனால் சர்க்கரையாக மாறாத மாவுச்சத்து நிறைய மிஞ்சும். சாதாரண பீரில் இது குறை. இங்கே அதுதான் நுண்ணுயிர்களுக்கு மூன்று வருஷத்துக்கான தீனி.

பிறகு கொதி. 10,000 லிட்டர், மூன்று நாலு மணி நேரத்தில் சுண்டி 7,500 லிட்டர் ஆகும். பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூ மூன்று வருஷம் பழையது. கையில் எடுத்து மோந்தால் பழைய சீஸ் வாடை வரும், கெட்டுப்போனது என்று நினைத்துவிட வேண்டாம். பழசானால் கசப்பு போய்விடும், வேண்டாத பாக்டீரியாவை அடக்கும் குணம் மட்டும் நிற்கும்.

* * *

இதுவரை சொல்லாமல் விட்டது கூல்ஷிப். கூரைக்கு நேர் கீழே, பரந்து ஆழமில்லாமல் இருக்கும் செம்புத் தொட்டி. கொதித்த சாற்றை மாலையில் அதில் ஏற்றி, காற்றுப் பலகைகளைத் திறந்துவிட்டு இரவு முழுக்க ஆறவைப்பார்கள். காலையில் 18-20 டிகிரிக்கு வந்திருக்க வேண்டும். அதற்கு வெளியே நல்ல குளிர் வேண்டும், அதனால்தான் அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை மட்டும் வேலை. வெயில் காலத்தில் சாறு மெதுவாக ஆறும், அந்த இடைவெளியில் கெடுக்கும் பாக்டீரியா முந்திக்கொள்ளும். ஜூலையில் போனால் காலித் தொட்டியைத்தான் பார்ப்பீர்கள். அப்போது பீப்பாய் அறையில் அதிக நேரம் நில்லுங்கள்.

ஒட்டடையைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், அதை வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறார்கள். பழமும் புளித்த சாறும் இருக்கிற இடத்தில் பழ ஈ மொய்க்கும். ஈயின் காலோடு வினிகர் பாக்டீரியா பீப்பாய்க்குள் போகும். மருந்தடித்தால் காற்றிலிருக்கும் நல்லதும் போய்விடும். சிலந்திதான் அங்கே மருந்து.

* * *

பீப்பாயைப் பற்றிக் கேட்க நிறைய இருக்கிறது. முதல் சில நாள் சத்தமே இருக்காது, பிறகு தக்கைத் துளை வழியே வெள்ளை நுரை பொங்கி வழியும். அப்போது அடைத்தால் பீப்பாய் வெடிக்கும், அதனால் கொந்தளிப்பு அடங்கிய பிறகே அடைப்பார்கள். வரிசை இதுதான்: முதலில் குடல்வகை பாக்டீரியா, அடுத்து சர்க்கரையைத் தின்னும் சாதாரண ஈஸ்ட், சில மாதம் கழித்துப் புளிப்பு தரும் பீடியோகாக்கஸ் பாக்டீரியா, கடைசியாக பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட். கோடையில் சில பீப்பாய் ஊசிப்போன சோறு மாதிரி நூல் விடும். புதியவர் அதைக் கொட்டிவிடுவார். அனுபவஸ்தர் கைவைக்கமாட்டார், ஏனென்றால் அந்த வழவழப்பைச் சில மாதத்தில் பிரெட்டனோமைசிஸே தின்று தீர்த்துவிடும்.

மரத்தின் வழியே ஆவியாகி மூன்று வருஷத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறையும். குறைந்த இடத்தை நிரப்பாமல் விடுவதும் தெரிந்தே செய்வதுதான். மேலே படர்ந்திருக்கும் மெல்லிய ஆடை காற்றைத் தடுக்கிறது. கலைத்தால் ஆக்ஸிஜன் இறங்கி, சாராயம் வினிகராகும். அதனால் மாதிரி எடுப்பதுகூட முகப்புப் பலகையில் ஆணி அளவு துளை போட்டுத்தான்.

காலியான பீப்பாயைக் கழுவும் இயந்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். வெந்நீரும் இரும்புச் சங்கிலியும் உள்ளே போட்டு உருட்டுவார்கள், இடுக்கில் ஒட்டியதைச் சங்கிலி சுரண்டி எடுக்கும். இந்த வேலையில் சோம்பினால் அடுத்த மூன்று வருஷம் வீண்.

* * *

ருசி பற்றி. முதலில் ஜாடியிலிருந்து ஊற்றித் தருவது கலக்காத லாம்பிக். நுரை இருக்காது, அது அப்படித்தான். குமிழி வருவது கூஸ் என்ற கலவையில். ஒரு வருஷம், இரண்டு வருஷம், மூன்று வருஷம் ஆனவற்றைக் கலந்து புட்டியில் அடைப்பார்கள். இளசில் மிஞ்சிய சர்க்கரை புட்டிக்குள் மறுபடி நொதித்து வாயு தரும், முதிர்ந்தது மணமும் ஆழமும் தரும். இளசு கூடினால் புட்டி பீறிடும், குறைந்தால் சப்பென்று நிற்கும். எந்தப் பீப்பாயோடு எதைச் சேர்ப்பது என்று நாக்கால் முடிவெடுப்பதே உரிமையாளரின் உண்மையான தொழில். "இந்தப் பீப்பாயை ஏன் ஒதுக்கினீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், மற்ற எந்தக் கேள்விக்கும் கிடைக்காத பதில் கிடைக்கும்.

விழுங்கிச் சில நொடி கழித்து எலிப்புழுக்கை வாடை எழுந்தால் அது உங்கள் பிரமை இல்லை. புளிப்பில் அந்த வாடை அடங்கிக் கிடக்கும், எச்சில் பட்டுப் புளிப்பு குறைந்ததும் மேலே வரும். அடைத்துச் சில மாதமே ஆன புட்டியில் இது வரலாம், வைத்திருந்தால் பெரும்பாலும் போய்விடும்.

செர்ரி போட்டதை க்ரீக் என்பார்கள். லிட்டருக்குச் சுமார் 200 கிராம் பழம், கொட்டையோடு. லேசான பாதாம் மணம் அந்தக் கொட்டையிலிருந்து வருகிறது.

* * *

பிரஸ்ஸல்ஸுக்குத் தெற்கே பீர்செலில் தொடங்கிய த்ரீ ஃபோன்டெய்னன் என்ற லாம்பிக் ப்ரூவரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2009 மே மாதம் அங்கே கிடங்கின் சூடு காக்கும் தெர்மோஸ்டாட் பழுதாகி, ஆயிரக்கணக்கான புட்டிகள் வெடித்தன. வெடிக்காமல் வெந்துபோனதைக் கொட்டாமல் வடித்துச் சாராயமாக்கினார் அதன் உரிமையாளர் அர்மான் டெபெல்டர். அவர் 2022-இல் காலமானார். லாம்பிக் கலப்பவர்களை ஒன்றுசேர்த்து 1997-இல் ஹோரால் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே. அந்தச் சங்கம் டூர் டெ கூஸ் என்று ஒரு வார இறுதியில் பல ப்ரூவரிகளை ஒருசேரத் திறந்துவிடும். கூட்டம் நெரியும், உரிமையாளரோடு நின்று பேச முடியாது. பேச வேண்டுமென்றால் சாதாரண வார நாளில் காலையிலேயே போவது மேல்.

புட்டி வாங்கி வந்தால் நேரடி வெளிச்சம் படாத, 12-15 டிகிரி இடத்தில் படுக்கவையுங்கள். படுத்த நிலையிலேயே கூடையில் வைத்துத் திறந்து, இடையில் நிமிர்த்தாமல் எல்லாக் கோப்பைக்கும் ஊற்றிவிடுங்கள். நிமிர்த்தி நிமிர்த்தி ஊற்றினால் அடியில் படிந்த ஈஸ்ட் கலங்கி, கடைசிக் கோப்பை சேறாகும்.